மெட்டியைக் கழற்றித் தந்த ஆயாம்மாவுக்கு

பழைய வண்ணாரப்பேட்டை சொந்தங்களுக்கும், எம்.சி. ரோடு கடைத் தோழிகளுக்கும் வணக்கம். பயாப்ஸி ரிப்போர்ட் நேற்று வந்துவிட்டது. மாசாமாசம் எனக்கு ரத்தம் கொட்டவைத்தது கர்ப்பப்பைக்குள் வளர்ந்த சாதாரண பாலிப்தான், அதாவது ஒரு சதை வளர்ச்சி, கேன்சர் இல்லை. மற்ற கதையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி அந்த வார்டு ஆயாம்மாவுக்கு. பாலிப்பை எடுத்த அன்று காலை வெறும் வயிறு. கர்ப்பப்பை வாய் இளக வைத்த மாத்திரையால் அடிவயிறு பிசைந்துகொண்டிருந்தது. நெயில் பாலிஷை அழித்தாச்சு, தாலிச் செயினை அம்மாவிடம் கொடுத்தாச்சு. மெட்டி மட்டும் வருவேனா என்றது. கரண்ட் வைத்துத்தான் பாலிப்பை எடுப்பார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடலாமாம். "கட்டர் எடுத்துட்டு வாங்க" என்றார் நர்ஸ். பாலிப்புக்கு அழாதவள் மெட்டிக்கு அழுதேன்.

ஆயாம்மா துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். வயசில் பெரியவர் காலைத் தொடுவதா என்று இழுத்துக்கொண்டேன், விடவில்லை. "இன்னாத்துக்கு கண்ணு அழுவுற? நா பாத்துக்கறேன்." சுருக்குப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார். நூல் முனையை மெட்டிக்கு அடியில் நுழைத்து, மீதியை விரல் நுனிவரை நெருக்கி நெருக்கிச் சுற்றினார். மேலே சோப்பு. பிறகு அந்த முனையைப் பிடித்துப் பிரிக்கப் பிரிக்க, மெட்டி நூல்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு வந்தது. கட்டரோடு வந்த நர்ஸ் சிரித்துவிட்டார். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டாக்டரம்மா, மயக்க மருந்து டாக்டர், தண்ணி லாரி வந்தபோதெல்லாம் என் குடத்தையும் சேர்த்துத் தூக்கின எதிர்வீட்டு அக்கா, என் கவுண்டரைப் பார்த்துக்கொண்ட தோழிகள், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் திரும்பிப் பார்த்த ஆட்டோ அண்ணன், எல்லோருக்கும் ஒரு பெரிய கும்பிடு. வெயிட் தூக்காதே என்று இரண்டு வாரம் டாக்டர் போட்ட தடையை என்னைவிட நீங்கள்தான் கறாராகக் காப்பாற்றினீர்கள்.

இனிமேல் கடையில் எவளாவது "மாசாமாசம் இப்படித்தான் கொட்டும், பொம்பளைக்கு சகஜம்" என்றால், கையைப் பிடித்து ஸ்கேனுக்கு நானே கூட்டிப்போவேன். லீவு போனாலும் பரவாயில்லை.

ஆயாம்மா, காசு நீட்டினேன், வாங்கவில்லை. ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தேன், சுகர் என்று தள்ளிவிட்டீர்கள். அடுத்த செக்கப்புக்கு வரும்போது காசிமேட்டு வஞ்சிரம் வறுத்து எடுத்து வருகிறேன். அதற்கு எந்த வியாதி சொல்லித் தப்பிக்கிறீர்கள், பார்க்கிறேன்.