இரண்டாவது விமானத்தின் இருக்கை யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் விடுமுறைக்கு ஐரோப்பா போகப் பலரும் இப்போதே டிக்கெட் வாங்கிக்கொண்டிருப்பார்கள். வயதானவர்களையோ சிறு பிள்ளைகளையோ உடன் அழைத்துச் செல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 76 வயது. மூன்று ஆண்டுகளாக முதுமை மறதிநோய். பழகிய முகம் பக்கத்தில் இருந்தால் அமைதியாக இருப்பார், இல்லாவிட்டால் பதறிப்போவார். ஒரு காலத்தில் ஆங்கிலம் நன்றாகப் பேசியவர். இப்போது தமிழ் மட்டும்தான் வருகிறது. என் தம்பி சுவீடனில் கோத்தன்பர்க் நகரில் வேலை பார்க்கிறான். பேரனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்ததால் சென்ற ஜூனில் அழைத்துச் சென்றேன். சிங்கப்பூரிலிருந்து அந்த நகருக்கு நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பாவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி, வேறொரு நிறுவனத்தின் சிறிய விமானத்துக்கு மாற வேண்டும். டிக்கெட் என்னவோ ஒன்றுதான்.

முதல் விமானத்தில் அருகருகே இருக்கை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாவது விமானத்துக்கு இருக்கை தேர்ந்தெடுக்கும் பக்கமே திறக்கவில்லை. பயண முகவரைக் கேட்டேன். “செக்-இன் செய்யும்போது தானாகக் கொடுத்துவிடுவார்கள்” என்றார். விற்ற விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அந்த விமானத்தை இயக்குபவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். இயக்கும் நிறுவனமோ, டிக்கெட் எங்களிடம் வாங்கவில்லையே என்றது. சாங்கி விமான நிலையத்தில் கொடுத்த இரண்டாவது போர்டிங் பாஸில் இருக்கை எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

13 மணி நேரம் பறந்து, விடியற்காலையில் இறங்கி, டிரான்சிட் முகப்பில் நின்றபோது கிடைத்தவை 8ஆவது வரிசையில் ஒன்று, 23ஆவது வரிசையில் ஒன்று. விமானம் நிரம்பிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். அம்மாவை முன்னால் உட்காரவைத்து, பெல்ட் போட்டுவிட்டு நான் பின்னால் போனேன். விமானம் ஓடுபாதையை நோக்கி நகரத் தொடங்கியதும் அம்மா எழுந்துவிட்டார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது பின்வரிசைவரை கேட்டது. சிப்பந்திகள் ஆங்கிலத்தில் உட்காரச் சொன்னார்கள், அம்மாவுக்குப் புரியவில்லை. பெல்ட் விளக்கு எரிவதால் நான் எழுந்து போகக் கூடாது என்றார்கள். கடைசியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் தாமாக எழுந்து, என் இடத்துக்கு வந்து, என்னை முன்னால் போகச் சொன்னார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் கை நடுக்கம் நிற்கத்தான் வெகுநேரம் ஆயிற்று.

நாங்கள் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அது எல்லா இடத்திலும் சரியாக வந்து நின்றது. நாற்காலிக்குப் பதிந்தால் இருக்கையும் அதோடு பதிவாகிவிடும் என்று நான் நினைத்தது தவறு. இரண்டும் வெவ்வேறு கோரிக்கைகள்.

திரும்பும் பயணத்துக்கு முன்னால் தம்பியின் சக ஊழியர் ஒருவர்தான் விஷயத்தை விளக்கினார். ஒரு நிறுவனம் விற்று இன்னொரு நிறுவனம் இயக்கும் விமானத்தில், நம் பயணத்துக்கு ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனித்தனி முன்பதிவுக் குறியீடு இருப்பதுண்டு. அது வெறும் எழுத்துகளாகவோ எழுத்தும் எண்ணும் கலந்தோ ஆறு இடங்கள் கொண்டது. நம் கையில் இருப்பது விற்றவரின் குறியீடு. அதை இயக்குபவரின் இணையப் பக்கத்தில் போட்டால் பல நேரம் எடுக்காது. இயக்குபவரின் குறியீடு என்ன என்று விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டேன், ஒரு நிமிடத்தில் படித்துச் சொன்னார்கள். அதைப் போட்டதும் இருக்கை வரைபடம் திறந்தது. இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 60 சிங்கப்பூர் வெள்ளி கட்டி அருகருகே எடுத்தேன். ஒரு நிமிட வேலையை ஏன் முதலிலேயே யாரும் செய்யவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

அந்த 60 வெள்ளியையும் கட்ட வேண்டியிருந்திருக்காது என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006ஆம் ஆண்டின் 1107ஆம் எண் ஒழுங்குமுறை இருக்கிறது. உடற்குறை உள்ளவர்களோடு, அறிவுத்திறன் குறைபாட்டாலோ முதுமையாலோ நடமாட்டத்தில் உதவி தேவைப்படுபவர்களும் அதில் அடங்குவர். அப்படிப்பட்டவருக்குத் துணையாக ஒருவர் செல்லும்போது, துணைவருக்குப் பக்கத்து இருக்கை தர விமான நிறுவனம் நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது. உதவிக்குக் கட்டணம் கேட்கக் கூடாது. உதவி தேவை என்பதைப் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்னதாகவே தெரிவித்துவிட்டால், விற்றவர் அந்தத் தகவலை 36 மணி நேரத்துக்கு முன்பாக இயக்கும் நிறுவனத்துக்கும் விமான நிலையங்களுக்கும் அனுப்பிவிட வேண்டும்.

ஆனால் ஒன்று. கோரிக்கையை வாங்கிக்கொள்ள எல்லா விற்பனை இடங்களிலும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அது சொல்வது ஒன்றிய நாடுகளில் உள்ள விற்பனை இடங்களைத்தான். சிராங்கூன் சாலையில் டிக்கெட் விற்கும் முகவருக்கு அந்தக் கடமை இல்லை. என் அம்மாவின் நிலையை இங்கே நான் சொன்னபோது அந்தத் தகவல் மேசையைத் தாண்டிப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்குள்ள பயண முகவர்களும் விமான நிறுவனங்களும், பயணத்தில் இணைப்பு விமானம் இருந்தால் அதை யார் இயக்குகிறார்கள், அவர்களிடம் நம் குறியீடு என்ன, இருக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை டிக்கெட் தாளிலேயே எழுதித் தரட்டும். பயணத்துறைக் கழகம் முகவர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு. இதை அது வலியுறுத்தினால் எல்லாரும் செய்வார்கள். பயனீட்டாளர் சங்கமும் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து ஒரு வரிசைக்கு மேல் தள்ளி உட்காரவைக்கக் கூடாது என்பது பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வழிகாட்டுதல். எல்லா நாட்டு விமானத்திலும் அதை நம்பிப் போக முடியாது. முன்பே எடுத்துவிடுவது நல்லது.

அப்புறம், இருக்கை கிடைத்துவிட்டது என்று இருந்துவிடவும் கூடாது. நேரம் மாறினாலோ வேறு ரக விமானம் வந்தாலோ எடுத்த இருக்கை போய்விடுவதுண்டு. பயணத்துக்குச் சில நாள் முன்பு ஒருமுறை திறந்து பாருங்கள். பணம் கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், திரும்பக் கேட்க அது வேண்டும்.

அம்மா அடுத்த ஆண்டும் பேரனைப் பார்க்க வேண்டும் என்கிறார். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் இரண்டாவது விமானத்தின் குறியீட்டைக் கேட்டு வாங்கப்போகிறேன். தர முடியாது என்றால் வேறு முகவரிடம் போவேன்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு வாசகி