தோழர் அறிவுக்கு, ஒரு கோரிக்கையோடு

அன்புள்ள தோழர் அறிவுக்கு,

உங்களைப் பற்றி எழுதுகிற எல்லோரும் 2021 மார்ச்சில்தான் ஆரம்பிக்கிறார்கள். 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு வந்தது, ஊர் உலகமெல்லாம் கேட்டது, அரக்கோணத்துப் பையன் ஒரே ராத்திரியில் பெரிய ஆளாகிவிட்டார், அவ்வளவுதான் கதை. எனக்கு இது ஒப்பவில்லை. அதற்கு முந்தைய மூன்று வருடம் மேடை மேடையாகத் தொண்டை கிழியப் பாடியதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் கச்சேரி. டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த கூட்டம் அது. கோட்டு சூட்டோடு பறை, சட்டி, கட்ட மோளம், பக்கத்திலேயே கிடார். பாடியவர்களில் பலர் கானாக்காரர்கள். அயோத்திதாசர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதையே பெயராக வைத்துக்கொண்டு இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் ஆணவக் கொலையையும் பாடினார்கள், அதில் ராப் பாடுகிற ஆள் நீங்கள். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிப் பழகிய குரல்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அமெரிக்கப் பாணியில் வாயைக் கோணினால் அரை நிமிஷம் தாங்காது. உங்கள் ராப்புக்கு அந்த மண்வாசம் ஏறியது அங்கேதான் என்பது என் கட்சி.

தமிழ் ராப் உங்களோடு பிறக்கவில்லை, சரி. மலேசியாவில் யோகி பி 2006-லேயே 'வல்லவன்' ஆல்பம் போட்டுவிட்டார், அப்புறம் ஹிப்ஹாப் தமிழா வந்தார்கள். ஆனால் 2019-ல் இசையமைப்பாளர் ஓஃப்ரோவோடு நீங்கள் போட்ட 'தெருக்குறள்' வேறு ரகம். ட்ட, க்க, ப்ப என்று வல்லினம் இரட்டிக்கிற இடத்தைச் சரியாக ஸ்னேர் டிரம் அடி மேல் கொண்டுபோய் வைப்பீர்கள், வார்த்தையே தாளமாக விழும். கோபத்தில் வேகம் கூடினாலும் ஒரு எழுத்து மென்று விழுங்கப்படாது. சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: உங்கள் சிறந்த ராப் 'எஞ்சாமி' இல்லை, இந்த ஆல்பம்தான்.

'எஞ்சாமி' உங்கள் சிறந்த பாட்டு. அது வேறு விஷயம். உங்கள் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அந்த மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்டன, அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்காமல். காடு திருத்திய கைக்குக் கடைசியில் அங்கேயும் நிலமில்லை, இங்கேயும் இல்லை. இதை ஒப்பாரி இழுவையோடு பாடினீர்கள், கல்யாண வீட்டில் அதற்கே ஆடினார்கள். ஆடட்டும், தப்பில்லை. கானாவும் அப்படித்தானே, துக்கத்துக்கும் கால் ஆடும்.

அப்புறம் நடந்ததுதான் கசப்பு. 2021 ஆகஸ்டில் 'எஞ்சாமி'யைப் பற்றி எழுதிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இசைப் பத்திரிகையின் அட்டையில் நீங்கள் இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு உங்களுக்கென்று தனி அட்டை வந்தது. அடுத்த வருடம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் நீங்கள் இல்லாமலே 'எஞ்சாமி'யைப் பாடினார்கள். பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் எழுதிப் பாடியவர் முகம் அட்டையில் இல்லை என்றால், அதற்கு யார் என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கு ஏறாது. 2024-ல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று ஆல்பத்துக்கே பெயர் வைத்தீர்கள் பாருங்கள், அதைவிட நறுக்கென்று யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது.

இனி கோரிக்கை. சினிமாவுக்கு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார், வீட்டு வாடகையை நானா கட்டப்போகிறேன்? ஆனால் எந்த ஹீரோவும் வாயசைக்காத, எந்த டைரக்டரும் சிச்சுவேஷன் சொல்லாத பாட்டு வருடத்துக்கு ஒன்றிரண்டாவது வேண்டும். விஷயத்துக்குப் பஞ்சமில்லை. காலையில் அரக்கோணத்திலிருந்து சென்ட்ரலுக்குக் கிளம்பும் மின்சார ரயில் எங்கள் ஊருக்கு வரும்போதே ஏற இடமிருக்காது, படியில் தொங்கிக்கொண்டே அரட்டை, சீட்டுக்குச் சண்டை, கூடையோடு ஏறுபவர்களிடம் முகம் சுளிக்கிற கூட்டம். யார் எங்கே உட்கார்கிறார்கள் என்று பார்த்தாலே நாலு பாட்டு கிடைக்கும். ஓஃப்ரோவைக் கூப்பிட்டு இன்னொரு 'தெருக்குறள்' போடுங்கள்.

இப்படிக்கு,
திருவள்ளூரிலிருந்து ஒரு ரசிகன்