உளவு நாவலுக்கும் ஒரு இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

உங்கள் ஞாயிறு இதழின் நூல் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறேன். கவிதை வருகிறது, சிறுகதை வருகிறது, ஆய்வு நூலும் வருகிறது. உளவு நாவலோ விஞ்ஞானத் திகில் கதையோ அந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. பஸ்ஸில் பொழுதுபோக்க வாசிக்கிற சரக்கு என்று ஒதுக்கிவிட்டீர்கள் போலும். அதில் குப்பையும் நிறைய உண்டுதான். எழுதியவருக்கு அந்தத் தொழில் தெரியுமா என்று பார்த்துத்தான் நான் எடுப்பேன்.

ஜோன் லெ காரே பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர். வேலையில் இருந்துகொண்டே எழுதியதால்தான் அந்தப் புனைபெயர். அவருடைய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1974) நாவலில், தலைமையகத்துக்குள்ளேயே சோவியத்தின் ஆள் ஒருவன் இருக்கிறான். அவனைப் பிடிக்க வேண்டியவர், வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட, கண்ணாடி போட்ட ஒரு குண்டு மனிதர். விடுதி அறையில் இருந்து பழைய கோப்புகளைப் புரட்டுகிறார். பெரும்பாலும் அதுதான் சண்டைக்காட்சி! கந்தோரில் வேலை செய்தவர்கள் இன்னும் ரசிப்பார்கள். எந்தக் கோப்பு எங்கே போனது, யார் யாரை ஓரங்கட்டினார் என்பதெல்லாம் பழகிய விளையாட்டுத்தானே. சோவியத்துக்கு இரகசியமாக வேலை செய்து 1963இல் மொஸ்கோவுக்கு ஓடிய பிரிட்டிஷ் உளவு அதிகாரி கிம் பில்பியின் விவகாரம் இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆரம்பத்தில் தலை சுற்றும், விட்டுவிடாதீர்கள்.

சிரிக்க வேண்டுமென்றால் கிரஹாம் கிரீனின் 'அவர் மேன் இன் ஹவானா' (1958). அவரும் அதே துறையில் இருந்தவர்தான். தூசு உறிஞ்சும் மெஷின் விற்கும் ஒருவர் அதன் பாகங்களையே வரைந்து இரகசிய ஆயுதம் என்று லண்டனில் உள்ள உளவுத் தலைமையகத்துக்கு அனுப்ப, அவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

விஞ்ஞானப் பக்கம் வந்தால், மருத்துவம் படித்த மைக்கல் கிரைட்டனின் 'தி அன்ட்ரோமீடா ஸ்ட்ரெய்ன்' (1969). அரிசோனாவில் ஒரு செய்மதி விழுகிறது. பக்கத்துச் சிற்றூரே செத்துக் கிடக்கிறது. தப்பியது ஒரு கிழவரும் அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தையும் மட்டும். ஏன் இந்த இருவரும்? சொல்லமாட்டேன். நிலத்துக்கடியில் உள்ள ஆய்வுகூடத்தில் தளம் தளமாகக் கிருமி நீக்கிக்கொண்டு இறங்கும் பகுதி, கொரோனாவைக் கண்ட நமக்கு அன்றைய வாசகர்களைவிட நன்றாக விளங்கும்.

ஆங்கிலம் சிரமம் என்பவர்கள் சுஜாதாவில் தொடங்கலாம். பெங்களூரில் பொறியியலாளராக இருந்தவர். 'கொலையுதிர் காலம்' நாவலில் பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மோதிக்கொள்வதை இரவில் வாசிக்க வேண்டும்.

அப்புறம், ஒரு மனக்குறை. இரண்டாம் உலகப் போரில் எங்கள் திருகோணமலையிலிருந்து போன நீர்மூழ்கிகள் மலாயாக் கரையில் உளவாளிகளை இறக்கின. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களை எடுத்துப் பாருங்கள்: இந்தத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டுப் படைக்கும் விடக்கூடாது, எண்ணெய்க் குதங்களை இரு நாடும் கூட்டாக நடத்த வேண்டும், இலங்கையில் உள்ள வெளிநாட்டு வானொலி நிலையங்கள் உளவுக்குப் பயன்படக்கூடாது. ஒரு நாவலாசிரியருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? துறைமுகத்திலும் அந்த எண்ணெய்க் குதங்கள் உள்ள சீனக்குடாவிலும் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் எத்தனையோ பேர் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுதி அனுப்பினால் தொடராகப் போடுவீர்களா? அதுவரை மாதம் ஒரு தடவையாவது நூல் பக்கத்தில் இந்த வகைக்கு இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.