ரயில் சலூன் என்பது சொகுசு மட்டும் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

செல்வந்தர்களின் தனி ரயில் பெட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் புளோரிடாவில் ரயில் பாதை போட்ட செல்வந்தர் ஹென்றி ஃபிளாக்லரின் 'ராம்ப்ளர்' பெட்டியில் இருந்த செப்புத் தகடு பதித்த குளியலறையை அரைப் பக்கத்துக்கு வர்ணித்துவிட்டு, 'ஓடும் அரண்மனை' என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். புளோரிடாவின் தென்கோடித் தீவான கீ வெஸ்டுக்குப் போட்ட பாதைக்காகவே அந்தப் பெட்டி செய்யப்பட்டது என்று அவர் எழுதியதும் பிழை. டெலவேர் மாநிலத்து ஜாக்சன் அண்டு ஷார்ப் நிறுவனம் 1886இலேயே அதைச் செய்து முடித்துவிட்டது. கீ வெஸ்டுக்குக் கடல்மேல் பாதை போடும் வேலை தொடங்கியது 1905இல்தான்.

ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன் நான். எங்கள் அதிகாரிகள் பாதையை ஆய்வு செய்யப் போகும் தனிப் பெட்டிகளான சலூன்களைப் பழுது பார்த்திருக்கிறேன். ஏறியதும் நாற்காலியைக் கடைசி ஜன்னலை ஒட்டிப் போடச் சொல்வார்கள். பின்னோக்கி ஓடும் தண்டவாளத்தின் மேல்தான் கண். ஒருவர் மேஜையில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருப்பார். அது தளும்பிய இடத்தின் கிலோமீட்டர் கல்லைக் குறித்துக்கொள்வார். அப்புறம் அந்தப் பகுதித் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன்களின் பாடு திண்டாட்டம்தான். அமெரிக்காவில் 'பிசினஸ் கார்' என்று சொல்லும் ரயில் பெட்டியும் இந்த வகைதான். மெத்தை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு அலுவலகம்.

ஃபிளாக்லரின் பாதை 1894இல் பாம் பீச்சையும், 1896இல் மயாமியையும் எட்டியது. போகிற ஊரில் தங்க விடுதி வேண்டுமென்றால் அவரேதான் கட்ட வேண்டும், கட்டவும் செய்தார். அதுவரை ராம்ப்ளரின் சின்னச் சமையலறையும், விறகு அடுப்பும், ஐஸ் பெட்டியும் ஆடம்பரமா, அவசியமா?

1912 ஜனவரி 22ஆம் தேதி, தம் 82ஆம் வயதில், அதே பெட்டியில் கீ வெஸ்ட் போய் இறங்கினார். அப்போது அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. பாதையைப் பார்ப்பதற்கென்றே இருக்கும் பெட்டியில் உட்கார்ந்து, தாம் போட்ட பாதையைச் சரியாகப் பார்க்க முடியாமல் ஒரு மனிதர் பயணம் செய்திருக்கிறார். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை! மறு ஆண்டு மே மாதம் அவர் இறந்துபோனார்.

பெட்டி கைமாறியது 1935இல். அதே ஆண்டு செப்டம்பர் புயல் கடல்மேல் பாதையை உடைத்துப் போட்டது. மிஞ்சிய பாலங்கள் மேல் பிறகு நெடுஞ்சாலை வந்தது. ராம்ப்ளரோ டென்னசியில் ஒரு பண்ணையில் வேலையாட்களின் குடியிருப்பாகிக் கிடந்தது. 1959இல் அதை மீட்டு, பழையபடி ஆக்கி, பாம் பீச்சில் உள்ள ஃபிளாக்லர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பண்ணையாட்கள் அந்த வரவேற்பறையில் எங்கே பாய் விரித்தார்கள், எதில் சமைத்தார்கள் என்று அறிய எனக்கு ஆவல். கட்டுரையாளருக்கு இடம் போதவில்லை என்றால், குளியலறையைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பெரம்பூர், சென்னை.