தோட்டத்தில் தெள்ளுப்பூச்சி: ஞாயிறு காலைப் பணி

அனைவருக்கும் வணக்கம். பூனைகள் படுக்கும் செம்பருத்திப் புதரடியில் வெள்ளைக் காலுறையோடு நடந்து பார்த்தபோது, கணுக்காலில் எட்டுத் தெள்ளுப்பூச்சிகள் ஒட்டியிருந்தன. பூச்சிமருந்து தெளித்தால் முருங்கைப் பூவுக்கு வரும் தேனீக்களும் சேர்ந்து மடியும் என்பதால், யாரும் தனியாக மருந்தடிக்க வேண்டாமென மிகவும் கேட்டுக்கொள்கிறேன். தெள்ளின் புழு நிழலிலும் ஈரத்திலும்தான் பிழைக்கும். வெயில் பட்டால் காய்ந்துவிடும்.

1. வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்குச் சருகு வாரவும் தாழ்ந்த கிளைகளைக் கழிக்கவும் வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும்.
2. செல்லப்பிராணி வளர்ப்போர் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்திட்டு, விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்க வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனையின் உயிரையே பறிக்கக்கூடும். தயவுசெய்து மாற்றிப் போடாதீர்கள்.
3. தெள்ளின் புழு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூட்டுக்குள் இருக்கும் பூச்சி பல வாரங்கள் தாக்குப்பிடிக்கும் என்பதால், அடுத்த மூன்று ஞாயிறுகளிலும் இப்பணி தொடரும்.

வருவோர் வெள்ளி இரவுக்குள் வீட்டு எண்ணைப் பதிவிடவும்.