படமாகப் போடும் செய்தியை எழுத்தாகவும் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. உங்கள் நாளிதழைக் கைபேசியில்தான் படிக்கிறேன். திரையில் இருப்பதை டாக்பேக் என்ற செயலி வாசித்துக் காட்டும். பள்ளிக் கணினியில் அதே வேலைக்கு என்விடிஏ இருக்கிறது. இரண்டுமே காசு கொடுத்து வாங்க வேண்டாதவை, தமிழையும் வாசிப்பவை. உங்கள் தலையங்கத்தை யார் துணையும் இல்லாமல் நானே படித்துவிடுகிறேன். பிரெயில் புத்தகம் எப்போது கைக்கு வரும் என்று காத்திருந்து படித்தவள் நான் என்பதால், இந்த வசதியின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கட்டுரைகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவற்றோடு நீங்கள் போடும் லிங்க்குகளும் படங்களும்தான் என்னிடம் சரியாக வந்து சேர்வதில்லை.

முதலில் லிங்க். தமிழில் தலைப்பு வைத்த பக்கத்தின் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் அது பெரும்பாலும் தமிழாக நிற்பதில்லை. இணைய முகவரிகளில் பயன்படும் யுடிஎஃப்-8 என்ற ஒருங்குறி முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியில் அந்த மூன்றும் சதவீதக் குறியோடு விரிந்து ஒன்பது எழுத்தாகிவிடும். ‘த’ என்ற ஓர் எழுத்து என் காதுக்கு ‘பெர்சன்ட் ஈ ஜீரோ, பெர்சன்ட் ஏ ஈ, பெர்சன்ட் ஏ ஃபோர்’ என்று வருகிறது. கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிகள் என்பதால், ‘புதுக்கோட்டை’ என்ற ஒரே சொல் 108 எழுத்தாக நீளும். கட்டுரைத் தலைப்பு முழுவதும் முகவரிக்குள் இருந்தால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். பார்வை உள்ளவர்களுக்கும் அது அழகான காட்சி இல்லை என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கைபேசித் திரையில் நாலைந்து வரிக்குப் பொருளற்ற எழுத்து நிற்குமாம், அதற்குக் கீழே உள்ள செய்தியை யாரும் படிக்க மாட்டார்களாம்.

இதற்கு வழி இருக்கிறது. உங்கள் இணையதளத்திலேயே கட்டுரை எண்ணை மட்டும் கொண்ட குட்டை முகவரி வைத்துக்கொள்ளலாம். விக்கிப்பீடியாவுக்கு லிங்க் கொடுப்பதானால் அதை நடத்தும் விக்கிமீடியாவே வைத்திருக்கும் முகவரிச் சுருக்கி இருக்கிறது. வேறு நிறுவனங்களின் சுருக்கிகளை நம்பி நெடுநாள் நிற்க வேண்டிய கட்டுரைகளில் போடாதீர்கள் என்பது என் கருத்து. அந்தச் சேவையை மூடிவிட்டால் லிங்க் எங்கே போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கட்டுரைக்குள் வரும் லிங்க்குக்கு முகவரியே கண்ணில் பட வேண்டியதில்லை, சொல்லில் பொதிந்து வைக்கலாம். நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள். ஆனால் அந்தச் சொல் எப்போதும் ‘இங்கே சொடுக்கவும்’ அல்லது ‘மேலும் படிக்க’. என்விடிஏவில் ஒரு பக்கத்தின் லிங்க்குகளை மட்டும் பட்டியலாக எடுக்க முடியும். கண்ணால் மேலோட்டமாகப் பார்ப்பதற்குப் பதிலாக நாங்கள் செய்வது அதைத்தான். உங்கள் முகப்புப் பக்கத்தில் அதை எடுத்தால் ‘மேலும் படிக்க, மேலும் படிக்க, மேலும் படிக்க’ என்று போய்க்கொண்டே இருக்கிறது. எது பட்ஜெட், எது கபடிப் போட்டி என்று எப்படித் தெரியும்? ‘பத்தாம் வகுப்புத் தேர்வு அட்டவணை’ என்று அந்தச் சொல்லிலேயே லிங்க்கை வைத்தால் போதும். கூடுதலாக ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

படங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. படத்தை ஏற்றும்போது அதில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரையை எழுத ஒரு பெட்டி இருக்கும். அது காலியாக இருந்தால் எனக்குப் ‘படம்’ என்று மட்டும் கேட்கும், அல்லது எதுவுமே கேட்காது. படமே லிங்க்காக இருந்தால் கோப்பின் பெயரை, எண்களும் கோடுகளுமாக, கடைசி வரை வாசிக்கும். எங்கள் ஊர்ப்பக்கத்துச் சித்தன்னவாசல் பற்றி உங்கள் தளத்தில் படித்தேன், நல்ல கட்டுரை. ஓவியத்தின் படத்துக்கு ‘படம் 1’ என்று மட்டும் இருந்தது. ‘குகைக்கோயில் விதானத்தில் தாமரைக்குளம், பூப்பறிக்கும் துறவிகள், நீரில் யானையும் எருமையும் மீன்களும்’ என்று எழுதியிருந்தால், அந்தக் குகைக்குள் நின்றபோது எனக்கு எட்டாமல் போனது வீட்டில் உட்கார்ந்தபடி கிடைத்திருக்கும். வண்ணம், கோடு எல்லாவற்றையும் விவரிக்கச் சொல்லவில்லை. அந்தப் படத்தை அங்கே ஏன் வைத்தீர்களோ அதைச் சொன்னால் போதும்.

இதைவிடக் கடுமையானது, செய்தியையே படமாக்குவது. ‘சற்றுமுன்’ என்று ஒரு சொல், பக்கத்தில் நாலைந்து சிவப்பு வட்டம், கீழே செய்தி எழுதிய படமாக ஓர் அட்டை. எனக்குக் கேட்பது ‘சற்றுமுன், சிவப்பு வட்டம், சிவப்பு வட்டம், படம்.’ விடுமுறை எந்த மாவட்டத்துக்கு, பள்ளிக்கா கல்லூரிக்கா, எல்லாம் அட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் இருப்பது எனக்கும் தெரியும். வண்ணப் பின்னணியில் அலங்கார எழுத்து என்றால் அவை தடுமாறும். தேதியில் ஓர் எண் மாறினால் எனக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மாவட்டத்தைச் சிதைத்துப் போட்ட நாட்களை மறக்க மாட்டேன். மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. எப்போதாவது ஒரு கோடு சிக்னல் வரும். உதவி எண்களும் முகாம் இருக்கும் இடங்களும் வாட்ஸ்அப்பில் வந்தன, எல்லாம் படமாக. அன்றைக்கு என் வீட்டில் கண் தெரிந்தவர்களும் என்னைப் போலவேதான் உட்கார்ந்திருந்தார்கள், படம் இறங்கவே இல்லை. நூறு சொல் அறிவிப்பு எழுத்தாக வந்தால் ஏறத்தாழ மூன்று கிலோபைட். அதுவே படமானால் நூறு கிலோபைட்டை எளிதாகத் தாண்டும். வாட்ஸ்அப்பில் படத்துக்கு அடியில் எழுத இடம் இருக்கிறது. அட்டையில் உள்ளதை அங்கே அப்படியே ஒட்டிவிட்டால் அதைத் தேடி எடுக்கலாம், பிறருக்கு அனுப்பலாம், எண்ணைத் தொட்டவுடன் அழைக்கலாம்.

நான் சலுகை கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அச்சு, ஒலி, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் நாங்களும் அணுகும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையோடு சேர்த்தே தீர்ப்பளித்தது. சுற்றறிக்கைகளைப் புகைப்படம் எடுத்து ஆசிரியர் குழுக்களில் போடும் அலுவலகங்களுக்கும் இதே வேண்டுகோள்தான். ஆனால் ஒரு நாளிதழ் செய்து காட்டினால் மற்றவர்கள் தாமாகவே பின்பற்றுவார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் இணையப் பிரிவில் படம் ஏற்றும் மென்பொருளை, மாற்று உரை இல்லாமல் பதிவு போகாதபடி அமைத்துவிடுங்கள். செய்தி அட்டை வடிவமைப்பவர் அந்த வரிகளை எப்படியும் தட்டச்சு செய்துதான் படத்தில் ஏற்றுகிறார். அதே வரிகளைப் பதிவிலும் ஒட்டச் சொல்லுங்கள். அக்டோபரில் பருவமழை தொடங்குவதற்குள் விடுமுறை அறிவிப்புகளில் மட்டுமாவது இதைச் செய்துவிட முடியும். மாற்றிய பக்கங்களைக் கேட்டுப் பார்த்து எங்கே இடறுகிறது என்று சொல்ல ஆள் வேண்டுமானால் நான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு நேரம் உண்டு.

அன்புடன்,
தமிழாசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்