பாப்பாவின் புதுக் கையுறை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வீடியோவை நேற்று இரவு நாலைந்து முறை போட்டுப் பார்த்தேன். பேஸ்பால் பந்து கையுறையில் விழுகிறது, பலகையில் பட்டதுபோல் டொக்கென்று தெறித்து ஓடுகிறது. பாப்பா அழவில்லை. பந்தை முறைக்கிறாள். அது அப்படியே உன் அப்பாவின் முறைப்பு. கடைசியில், "புதுக் கையுறையை எப்படிப் பழக்குவதென்று உன் பாட்டியைத்தான் கேட்க வேண்டும்" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குத் தெரியாதா? இருபத்தைந்து வருடமாகியும் அந்தத் தேங்காய் எண்ணெயை நீ விடமாட்டாய்.

என் பக்க நியாயத்தையும் கேள். புதுச் செருப்பு கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவுவோம். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தோலைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். 1999 மார்ச்சில் உனக்கு ஒன்பது வயது, லிட்டில் லீக் என்கிற பிள்ளைகள் பேஸ்பாலில் சேர்த்திருந்தோம். வளரும் பிள்ளையாயிற்றே என்று, பள்ளிச் சட்டையை இரண்டு அளவு பெரிதாக எடுப்பதுபோல, 12 அங்குலக் கையுறையாக வாங்கினேன். உன் கை அதற்குள் கிணற்றில் விழுந்த பூனைக்குட்டி மாதிரி இருந்தது. தோலோ அப்பளக் கட்டை மாதிரி விறைப்பு. கால் பாட்டில் எண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். இஞ்சி இடிக்கும் குழவியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, உள்ளங்கைக் குழியில் அரை மணி நேரம் இடித்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டி, எல்லாரும் நலமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இரவு முழுக்க அது காரின் பின்பெட்டியில் கிடந்தது. 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைகிற எண்ணெய், நியூஜெர்சி மார்ச் குளிரில் என்ன ஆகும்? காலையில் நீ மைதானத்தில் கையுறையை எடுத்தபோது, தோல்வார் கோர்த்த ஓட்டைகளிலெல்லாம் வெள்ளை வெள்ளையாக, உறைந்த நெய்யைப் போல எண்ணெய் பிதுங்கி நின்றது. வெயில் ஏறியதும் அது உருகி, பந்தில் ஒட்டி, பந்து எறிகிற பையன்களின் விரலெல்லாம் வழுக்கியது. மதியத்துக்குள் கையுறை நனைந்த துண்டு மாதிரி தொய்ந்துவிட்டது. அதிக எண்ணெய் குடித்த தோல் கனத்துப்போகும், பிறகு விறைப்பே திரும்பாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

உன் அப்பாவுக்கு அந்த ஆட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே மரியாதை இல்லை. "145 கிராம் பந்தைப் பிடிக்க இவ்வளவு பெரிய தோலா? கிரிக்கெட் பந்து 160 கிராம். வெறும் கையால் பிடித்திருக்கிறேன்" என்பார். உன்னைப் பயிற்சியில் விட்டுவிட்டு நான் நூலகத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒரு செய்தி படித்தேன். அந்தக் காலத்து அமெரிக்கர்களும் வெறும் கையால்தான் பிடித்திருக்கிறார்கள். 1875-ல் சார்லஸ் வெயிட் என்ற ஆட்டக்காரர், கேலி செய்வார்களே என்று பயந்து, கண்ணுக்குத் தெரியாதபடி உடம்பின் நிறத்திலேயே ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு ஆடினாராம். இதைச் சொன்னதும் அப்பா, "வெட்கம் தெரிந்த மனிதர்" என்றார். அவரை என்ன செய்வது!

உன் பயிற்சியாளர் ஒரு பெட்டியிலிருந்து பழைய கையுறை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? 11 அங்குலம். சுண்டுவிரல் இடம் வேறு யாருடையதோ என்று ஒரு மாதம் முனகினாய். யாரோ ஒரு பையனின் கை அதில் படிந்திருந்தது. ஜூலையில் நான் அதில் கைவிட்டுப் பார்த்தபோது அந்தப் பையன் போய்விட்டிருந்தான், நீ இருந்தாய்.

பாப்பாவின் கையுறை அசல் தோல் என்கிறாய். கம்பளிக் கொழுப்பு கலந்த கையுறைக் களிம்பு கடையில் கிடைக்கும். துணியில் சுண்டைக்காய் அளவு எடுத்து மெல்லத் தடவி, ஒரு நாள் விட்டுவிடு. வார்களையும் மறந்துவிடாதே, அவைதான் முதலில் காய்ந்து அறும். நடுவில் புத்தகம்போல மடிக்காதே. கட்டைவிரலின் அடியிலும் சுண்டுவிரலின் அடியிலும் மடங்க வேண்டும், அப்போதுதான் குழி அகலமாக விழும். இரவில் குழிக்குள் ஒரு பந்தை வைத்துக் கட்டிவை. யாரோ மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கச் சொன்னதாகச் சொன்னாயே, அந்த ஆளிடம் இனிப் பேசாதே. வெயிலில் நிற்கிற காரிலும் போட்டுவைக்காதே.

கையுறை வலக்கையில் இருப்பதைக் கவனித்தேன். இடக்கையால் எறிகிறவளுக்கு அதுதான் சரி. இடக்கையால் சாப்பிட்டதற்காக என் பாட்டி என்னை அகப்பைக் காம்பால் தட்டியிருக்கிறாள். அங்கே முதல் பேஸில், அதாவது பந்தை அடித்தவர் ஓடி முதலில் தொடுகிற இடத்தில், பந்து பிடிக்க நிற்பதற்கு இடக்கைக்காரர்களை விரும்புவார்களாம். என் பாட்டியிடம் யார் போய்ச் சொல்வது?

ஒன்றை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. எனக்குப் பந்தென்றால் பயம். அப்பாவுக்கு அப்போது இரவு வேலை. உன்னோடு நின்று பந்து எறிய வீட்டில் ஆள் இல்லை. அந்தக் குறையைத்தான் எண்ணெயாலும் குழவியாலும் சரிக்கட்டப் பார்த்தேன். பயிற்சியாளர் என் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிர, ஒன்றும் கேலி செய்யவில்லை. "இது பந்து பிடித்துப் பழக வேண்டியது, தினமும் ஒரு நூறு முறை எறியுங்கள்" என்றார்.

அதற்குப் பிறகுதான் நாம் இருவரும் கார் நிறுத்துமிடத்துக்குப் போக ஆரம்பித்தோம். குளிர் கோட்டும் சேலையுமாக நான் கீழ்க்கையால் எறிவேன். நீ பிடித்து, என்னிடம் எறியாமல் உருட்டிவிடுவாய். நான் பயப்படுவது உனக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, ஒருநாளும் கேட்கவில்லை. உரக்கத் தமிழில் எண்ணச் சொல்வேன். ஐம்பது வரை தண்ணீர் மாதிரி போவாய். எழுபத்தொன்பதுக்கு அடுத்து எண்பதா தொண்ணூறா என்று நின்றுவிடுவாய். பந்தும் என் கையிலேயே நின்றுவிடும். சரியாகச் சொன்ன பிறகுதான் எறிவேன்.

பாப்பாவுக்கு எதுவரை எண்ணத் தெரியும்? நீயும் அவளும் வாசலில் எறியும்போது போனை எங்காவது சாய்த்து வைத்து என்னைக் கூப்பிடு. இங்கே அது விடிகாலை என்றாலும் பரவாயில்லை, காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். எழுபதிலிருந்து நான் எண்ணுகிறேன்.

அன்புடன்,
அம்மா